சனி பிடித்த பலகை

2014-ல் லாவ் பா சாட் உணவு நிலையத்துக்கு வழிகாட்டும் பலகையில் தமிழ்ப் பெயர் ‘லாவ் பா சனி’ என்று இருந்தது. ‘சாட்’ சனிக்கிழமையாகிவிட்டது. படம் பரவியது, சிரித்தோம், பலகையைத் திருத்தினார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்போடுதான் சண்டை. லாவ் என்றால் ஹொக்கியனில் ‘பழைய’. பா சாட் மலாய் ‘பசார்’. அது பாரசீகத்திலிருந்து வந்தது. நம்ம பஜாருக்கும் அதே பூர்வீகம்தான். சொந்தக்காரச் சொல்லைப் போய்ச் சனியாக்கியிருக்கிறார்கள்!

போன தீபாவளிக்கு தேக்காவில் ஒரு பெரிய விளம்பரம். கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கின்றன, புள்ளிகள் வேறெங்கோ. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் சிதறும். நம்மை வாழ்த்தத்தான் அத்தனை செலவு. அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கிற ஒருத்தர்கூட அதைப் பார்க்கவில்லை.

“புரியுதுல்ல, விடேன்டா” என்கிறான் நண்பன். எனக்குப் புரியும், ஏன்னா மேலே ஆங்கிலம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நிற்கிற கட்டுமானத் தொழிலாளி அண்ணன்கள் பலருக்கு நாம் எட்டிப்பார்க்காத அந்த நாலாவது வரிதான் முதல் வரி. திங்களன்று சாரத்தில் ஏறுமுன் அவர்கள் படிக்கும் எச்சரிக்கையும் இதே மாதிரி சிதறியிருந்தால்?

அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழையும் அதிகாரத்துவ மொழி என்கிறது. அலங்காரம் என்று சொல்லவில்லை.

அடுத்த பலகையை அச்சுக்கு அனுப்புமுன் தேக்காவுக்குக் கொண்டு வாங்க. காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் யாராவது படிச்சுச் சொல்வாங்க. தே தாரிக் நான் வாங்கித் தர்றேன்.