சுவிட்ச் போட்டா மேளம் அடிக்குது, ஆனா பையனுங்க எங்கே?

ஓம் முருகா.

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. இது என் சொந்தக் கருத்து. கோயில் கமிட்டி கருத்து இல்ல.

நம்ம கோயில்ல பூஜை நேரத்துல மேளமும் மணியும் சேர்ந்து அடிக்கிற மின்சார மெஷின் இருக்கு இல்லையா, அதை வாங்கலாம்னு கூட்டத்துல முதல்ல சொன்னது நான்தான். ஆறு வருஷம் ஆச்சு. வேலை நாள்ல சாயங்கால பூஜைக்கு மேளம் அடிக்க ஆள் கிடைக்கல. நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். ஆள் பத்தலன்னா மெஷின் போடு, அதுதான் எனக்குத் தெரிஞ்ச வழி. மோட்டார் சுத்தும், கோல் தூக்கி அடிக்கும், தாளம் தப்பாது, லீவு கேட்காது. எல்லாரும் சரின்னாங்க.

அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமைன்னா மூணு நாலு பையனுங்க ஓடி வருவானுங்க. யார் சேகண்டி அடிக்கிறது, யார் மணிக் கயிறு இழுக்கிறதுன்னு சண்டையே நடக்கும். நான் அதட்டுவேன். வேலை நாளுக்குன்னு வாங்கின மெஷினை வெள்ளிக்கிழமையும் போட ஆரம்பிச்சோம். சண்டை நின்னுச்சு. ஒரு வருஷத்துல பையனுங்களும் நின்னுட்டானுங்க.

போன மாசம் அதுல ஒருத்தனை பாசார் மாலாம்ல பார்த்தேன். இப்போ காலேஜ் படிக்கிறான். "ஏன்பா கோயில் பக்கமே காணோம்?"னு கேட்டேன். "அங்கிள், அங்க வந்து நான் என்ன செய்யறது?"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். எனக்குப் பதில் வரல.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஃபேக்டரியில ஆளைக் குறைச்சா லாபம். கோயில்ல ஆள் குறைஞ்சா நஷ்டம். ரெண்டுக்கும் ஒரே கணக்கைப் போட்டது என் தப்பு.

உடனே "இவர் பழைய காலத்து ஆளு, டெக்னாலஜி பிடிக்காது"ன்னு நினைக்காதீங்க. படுக்கையில இருக்கிற என் அம்மா பத்துமலை தைப்பூசத்தை ஃபோன் லைவ்லதான் பார்த்துக் கும்பிட்டாங்க. உபயக் கணக்கு எல்லாம் வாட்ஸ்அப்ல போறதால எனக்கு வேலை பாதி குறைஞ்சிருக்கு. கண்ணு தெரியாத பாட்டிங்க தேவாரத்தை ஃபோன்ல எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிறாங்க. இதெல்லாம் நல்லது. வர முடியாதவங்களைக் கோயிலுக்குக் கொண்டு வருது. ஆனா வரக்கூடியவனுக்கு வேலை இல்லாம செய்யற மெஷினைத்தான் யோசிக்கச் சொல்றேன்.

பாட்டும் அப்படித்தான். நான் தோட்டத்துல வளர்ந்தவன். சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசம் கேசட்ல ஓடும், லயத்துல எல்லாரும் கூடவே சொல்லுவோம். அதைக் கேட்டுத்தான் எனக்கு மனப்பாடம் ஆச்சு. அப்போ கேசட் நமக்கு வாத்தியார். இப்போ ஸ்பீக்கர் சத்தத்துல நாம பாடினா நமக்கே கேட்காது. அதனால வாயை மூடிக்கிட்டு நிக்கிறோம். ஸ்பீக்கர் நமக்காகப் பாடிக்கிட்டு இருக்கு.

இன்னொன்னு. உருமி மேளம் அடிக்கிற பையனுங்களைப் பெரியவங்க நிறைய பேர் திட்டுறாங்க. சில இடத்துல சினிமாப் பாட்டு வருது, அது எனக்கும் பிடிக்காது. ஆனா காவடிக்கு முன்னாடி மணிக்கணக்கா உருமியைத் தோள்ல மாட்டி அடிக்கிறானே, அந்தக் கைக்கு பக்தி இல்லன்னு எப்படிச் சொல்றது? திட்டறதுக்குப் பதிலா வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்து அடிப்பான்னு கூப்பிட்டுப் பார்ப்போமே.

என் யோசனை இதுதான். மெஷினைத் தூக்கிப் போட வேணாம், வேலை நாளுக்கு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் சுவிட்ச் போட வேணாம். சேகண்டி, மணி, மேளம் எல்லாம் பிள்ளைங்க கையில கொடுப்போம். பொண்ணு பிள்ளைங்களும் அடிக்கட்டும். அப்புறம் ஸ்பீக்கரை நிறுத்திட்டு எல்லாரும் சேர்ந்து கவசம் ஒரு தடவை பாடுவோம். இருபது நிமிஷம்தான் ஆகும். பெரிய எழுத்துல புத்தகம் அச்சடிக்கிற செலவை நான் உபயமா ஏத்துக்கிறேன்.

தாளம் தப்பும். தப்பட்டும். முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

எனக்கு ஷிப்ட் வேலை, மாசத்துல ரெண்டு வெள்ளிக்கிழமைதான் வர முடியும். அந்த ரெண்டு நாளும் பிள்ளைங்களுக்கு சேகண்டி அடிக்க நானே சொல்லித் தர்றேன். மத்த ரெண்டு வெள்ளிக்கு யாராவது முன்னுக்கு வாங்க.

தப்பா ஏதும் சொல்லியிருந்தா மன்னிச்சிடுங்க. உங்க கருத்தைக் கீழே எழுதுங்க. அந்தத் தம்பி இதைப் படிச்சா, வர்ற வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வாப்பா. உனக்கு வேலை இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.