பிளக் பொருந்தினால் போதுமா?

பிரிட்டனின் குளியலறைகளில் கண்ணாடியருகே இருக்கும் ஷேவர் சாக்கெட் பல நாட்டு பிளக்குகளை ஏற்கும். அதற்காக எதையும் செருகிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. அதற்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்பார்மர், வெளிவரும் மின்சாரத்துக்கும் பூமிக்கும் தொடர்பில்லாதபடி பிரித்துவைக்கிறது. ஈரக் கையால் ஒரு கம்பியைத் தொட்டால் உடல் வழியே மின்சுற்று முழுமையடையாது. (இரண்டு கம்பிகளையும் தொட்டால் டிரான்ஸ்பார்மரும் காப்பாற்றாது.) ஆனால் அதன் திறன் பொதுவாக 20 வாட் அளவுதான். 1,200 வாட் ஹேர் டிரையருக்கு அது எம்மாத்திரம்?

அடாப்டர் இருக்கிறதே என்பார்கள். சாதாரணப் பயண அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர, வோல்ட்டை மாற்றாது. 120 வோல்ட்டுக்கென்றே செய்த அமெரிக்க ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் செருகினால், அதன் சூடேறும் கம்பி ஏறக்குறைய நான்கு மடங்கு மின்திறனை இழுத்துக் கருகும். ஷேவர் சாக்கெட்டில் 115 வோல்ட் என்று குறித்த பக்கம் அமெரிக்க ஷேவருக்கு உதவும். ஆனாலும் 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்த பழைய காந்தவகை கிளிப்பர் 50 ஹெர்ட்ஸில் சரியாக ஓடாது. இந்தியாவிலிருந்து கொண்டுபோகும் டிரிம்மருக்கு இந்தத் தொல்லை இல்லை; இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். வீட்டில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும்போது இந்தத் தனிச் சாக்கெட் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஆர்சிசிபி மின்சாரம் கசிந்த பிறகே துண்டிக்கும். டிரான்ஸ்பார்மரோ கசிவுக்கான பாதையையே அடைத்துவிடுகிறது. '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்ட, சில வாட் மட்டுமே இழுக்கும் ஷேவரையும் பல்துலக்கி சார்ஜரையும் தயங்காமல் செருகலாம். ஹேர் டிரையருக்குப் படுக்கையறைச் சாக்கெட் இருக்கிறது, அதுவும் வோல்ட் பொருந்தினால்தான்.