கண்காணிப்பது யார், கண்காணிக்கப்படுவது யார்?

கொரோனா பெருந்தொற்றின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கிய 2021ஆம் ஆண்டில், அரியானா மாநிலத்தின் ஆஷா ஊழியர்கள் ஒரு புதுவகைப் போராட்டத்தில் இறங்கினார்கள். பணிக்காக அவர்களுக்கு அரசு கைபேசிகளை வழங்கியிருந்தது. அந்தக் கைபேசிகளில் ‘எம்.டி.எம். 360 ஷீல்டு’ என்ற செயலியை ஏற்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். ஊழியர் எங்கே இருக்கிறார் என்பதைக் கண்காணிக்கவும், கைபேசியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தவும் வல்ல செயலி அது. ஆஷா ஊழியர்களின் சங்கம் அதை ஏற்க மறுத்தது.

ஆஷா ஊழியரை அரசு ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கிறது. அவர் பெறுவது ஊதியம் இல்லையாம், ஊக்கத்தொகையாம். ஊழியர் என்று அங்கீகரிக்க மறுக்கும் அதே அரசு, இரவும் பகலும் அவரைக் கண்காணிக்கும் உரிமை மட்டும் தனக்கு உண்டு என்று கருதியது. இந்த முரண்பாட்டைத்தான் அந்தப் பெண்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

அந்தரங்க உரிமை என்பது படித்த நடுத்தர வர்க்கத்தின் கவலை என்ற எண்ணம் நமது அணிகளிலும் இருக்கிறது. “மறைப்பதற்கு உழைப்பாளியிடம் என்ன இருக்கிறது?” என்று தோழர்கள் கேட்பதுண்டு. அரியானாவின் ஆஷா ஊழியர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் காக்க முயன்றவை இரண்டு: வேலை நேரத்திற்கு அப்பால் தனக்கென ஒரு வாழ்க்கை, சக ஊழியரோடு அச்சமின்றிப் பேசும் உரிமை. இரண்டாவது இல்லாமல் சங்கம் இல்லை. எனவே அந்தரங்க உரிமை என்பது அமைப்பாகத் திரளும் உரிமையின் ஒரு பகுதியே.

பணித்தளத்தில் ஒரு கண்

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஒன்றிய அரசு 2021 மே மாதம் ஒரு வருகைப் பதிவுச் செயலியை அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல் அது எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் பிடித்து, நேரமும் இடமும் பதிவாகும் வகையில் பதிவேற்ற வேண்டும். வலைத்தொடர்பு கிடைக்காத மலையடிவாரக் கிராமத்தில் படம் ஏறவில்லை என்றால், நாள் முழுவதும் மண் சுமந்த பெண்ணின் கூலி பறிபோனது. இதை எதிர்த்து 2023இல் பல மாநிலங்களின் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் நெடுநாள் போராட்டம் நடத்தினார்கள்.

ஊழலைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றது அரசு. ஆனால் 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை வேறு கதை சொன்னது. தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படம் பிடித்த படங்களும் பதிவேற்றப்படுவதாக அமைச்சகமே ஒப்புக்கொண்டது. பதிவேற்றிய படங்களை ஆட்களைக் கொண்டு சரிபார்க்கவும் உத்தரவிட்டது. ஏமாற்றுபவருக்குச் செயலி தடையாகவில்லை. உழைத்தவரின் கூலிக்குத்தான் தடையானது. இந்த அனுபவத்திலிருந்து ஆட்சியாளர்கள் எதையும் கற்கவில்லை. 2025 டிசம்பரில் வேலை உறுதிச் சட்டத்தையே நீக்கிவிட்டுக் கொண்டுவந்த புதிய சட்டத்தில், உயிரியளவு அடையாளச் சரிபார்ப்பையும் செயற்கை நுண்ணறிவையும் சட்ட வாசகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கன்வாடிகளின் நிலையும் இதுவே. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற, 2025 ஜூலை 1 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பயனாளியின் முக அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. கர்ப்பிணிப் பெண் மையத்திற்கு வந்து நிற்கிறார். சத்துமாவும் மையத்தில் இருக்கிறது. ஊழியருக்கு அவரை ஆண்டுக்கணக்கில் தெரியும். ஆனாலும் கைபேசி அந்த முகத்தை ஏற்காதவரை உணவு கைமாறக் கூடாது. திட்டத்தின் மீது எழ வேண்டிய கோபம் ஊழியர் மீது பாய்கிறது. சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்கள் கட்டப்பட்டன. கழிப்பறைக்குச் செல்லும்போதும் அதைக் கழற்ற முடியவில்லையே என்று பெண் தொழிலாளர்கள் குமுறினார்கள்.

இவற்றில் எதிலும் சங்கங்களிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. திரட்டப்படும் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, எவ்வளவு காலத்திற்கு, யார் கையில் என்பது தொழிலாளிக்குத் தெரியாது. ஆலையில் மேற்பார்வையாளரின் கண் செய்த வேலையை இன்று கைபேசி செய்கிறது. மேற்பார்வையாளரிடம் வாதாடவாவது முடிந்தது.

சட்டம் யாருக்குத் திரை போடுகிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்திய மக்களுக்கு அப்படியோர் அடிப்படை உரிமை இல்லை என்று அந்த வழக்கில் வாதிட்டது ஒன்றிய அரசு. தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

பெயரில் பாதுகாப்பு இருக்கிறது. உள்ளே நுழைந்து பார்த்தால் வேறு காட்சி. 7ஆவது பிரிவின்படி, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும், இழப்பிலிருந்து முதலாளியைப் பாதுகாப்பதற்காகவும் ஊழியரின் ஒப்புதல் இன்றியே அவரது தரவைக் கையாளலாம். 17ஆவது பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் ஒன்றிய அரசு விலக்கு அளிக்கலாம். அதாவது உழைப்பாளியை அதிகம் கண்காணிக்கும் இருவருக்கு, முதலாளிக்கும் அரசுக்கும், கதவு திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது.

அதே சட்டத்தின் 44ஆவது பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லியே தகவலை மறுக்க வழிசெய்கிறது. இதன் பொருளை உணர, அந்த உரிமை பிறந்த கதையை நினைவுகூர வேண்டும். 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் பொது விசாரணைகளை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகள் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. இறந்தவர் பெயரிலும், வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. 1996இல் பேவாரில் 40 நாள் தர்ணா நடந்தது. இத்தகைய போராட்டங்களின் விளைவே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பெயர்கள் அடங்கிய அந்தப் பதிவேட்டையே இன்று ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி ஓர் அதிகாரி மறுத்துவிட முடியும்.

கூலிக்காரரின் முகம் நாளுக்கு இரண்டு முறை படம் பிடிக்கப்பட வேண்டும். கூலியைத் திருடியவரின் பெயரோ அந்தரங்கமாகக் காக்கப்பட வேண்டும். ஜனநாயகம் கோருவது இதற்கு நேர் எதிரானதை: அதிகாரம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும், மக்களுக்கு அந்த அதிகாரத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும். நாம் தொழில்நுட்பத்தின் எதிரிகள் அல்ல. ராஜஸ்தானில் 2019இல் தொடங்கப்பட்ட ‘ஜன் சூச்னா’ இணையதளம், அரசுத் திட்டங்களின் விவரங்களை யாரும் கேட்காமலேயே மக்கள் முன் வைத்தது. அதுவும் தொழில்நுட்பம்தான். கருவி யாரை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

கைபேசியின் இரண்டு பக்கங்கள்

இணைய ஊடகம் இல்லாமல் இன்று இயக்கம் நடத்த முடியாது. 2020-21 விவசாயிகள் போராட்டம் இதற்குச் சான்று. பெரு முதலாளிகளின் தொலைக்காட்சிகள் போராடுவோரைத் தேச விரோதிகளாகச் சித்தரித்தபோது, விவசாயிகள் ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’ என்ற பெயரில் தங்கள் சொந்த ஊடகத்தை உருவாக்கினார்கள். சிங்கு, டிக்ரி எல்லைகளிலிருந்து நேரடிக் காட்சிகள் நாடெங்கும் பரவின.

ஆனால் அந்த மேடைகளின் சாவி விவசாயிகளிடம் இல்லை. 2020 டிசம்பரில் அவர்களது முகநூல் பக்கம் சில மணி நேரம் முடக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1 அன்று அரசின் உத்தரவின் பேரில் சுமார் 250 ட்விட்டர் கணக்குகள் தடுக்கப்பட்டன. கிசான் ஏக்தா மோர்ச்சாவின் கணக்கும் அவற்றில் ஒன்று. போராட்டக் களங்களில் இணையமும் துண்டிக்கப்பட்டது. அப்போதும் போராட்டம் தளரவில்லை. ஏனெனில் அதன் வேர் கிராமங்களில் இருந்தது; சங்கத்தின் கிளைகளிலும், பொதுச் சமையல் கூடங்களிலும், ‘டிராலி டைம்ஸ்’ என்ற அச்சு இதழிலும் இருந்தது. அமைப்பு இருந்ததால் இணையம் அதற்குப் பயன்பட்டது.

மறுபக்கம் இன்னும் இருண்டது. 2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்தது. அந்த உளவு மென்பொருளை அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அதன் இஸ்ரேலிய நிறுவனம் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகக் கூறியது. அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய இயலவில்லை. விசாரணைக்கு ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பது நீதிமன்றத்திலேயே பதிவானது.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்களுக்காக வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று 84ஆவது வயதில் காவலில் இருந்த நிலையிலேயே மருத்துவமனையில் உயிரிழந்தார். அவரது கணினியில் இருந்ததாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடய ஆய்வு நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. “மறைக்க என்ன இருக்கிறது?” என்று கேட்கும் தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மறைக்க எதுவும் இல்லாதவரின் கருவியிலும் இல்லாததை எழுதி வைக்க முடியும்.

நமது பழக்கங்களும் பரிசீலனைக்குரியவை

அரசையும் முதலாளியையும் விமர்சிக்கும் நாம், நம்மை நம்பித் தங்கள் பெயரைத் தந்தவர்களின் விவரங்களை எப்படிக் கையாளுகிறோம்? இதைச் சுயவிமர்சனமாகவே கேட்க வேண்டும். உறுப்பினர் படிவங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறோம். மனு எழுதிக் கொடுக்க ஆதார் நகல் வாங்குகிறோம். வேலை முடிந்ததும் அந்த நகல் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. ஓர் ஆலையில் சங்கம் பதிவாவதற்கு முன்பே, வாயிற்கூட்டத்தில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளியின் முகம் முகநூலில் ஏறிவிடுகிறது. நமக்கு அது பிரச்சாரம். நிர்வாகத்திற்கு அது பட்டியல். மறுநாள் வாயிலில் தடுத்து நிறுத்தப்படுவது அந்தத் தொழிலாளி.

வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் மற்றவரின் எண் தெரியும்; யார் யாரோடு எப்போது தொடர்புகொண்டார் என்ற விவரத்தை நிறுவனம் அறியும்; ஒரு தோழரின் கைபேசி பறிமுதலானால் குழுவின் உரையாடல் முழுவதும் பிறர் கையில். இதற்குப் பரிகாரம் கடினமானதல்ல. தேவையான விவரத்தை மட்டும் கேட்போம். தேவை முடிந்ததும் அழிப்போம். வேலை பறிபோகும் ஆபத்துள்ளவரின் முகத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிடாதிருப்போம். சங்கம் அமைக்கும் தொடக்கக் கட்டப் பேச்சுகளை நேரில் நடத்துவோம். குழுவிலிருந்து விலகியவர்களையும் அடையாளம் தெரியாத எண்களையும் அவ்வப்போது நீக்குவோம்.

இது இரகசிய வேலைக்கான அறைகூவல் அல்ல. நமது கொள்கை திறந்த புத்தகம். நமது மேடை தெருவில் இருக்கிறது. நாம் காப்பது, நம்மை நம்பி வந்த எளிய மனிதரின் வேலையையும் பாதுகாப்பையும்.

கோரிக்கையாக்குவோம்

பணியிடக் கண்காணிப்பு இனி நமது கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் வேலை நேரத்திற்கும் பக்கத்தில் இடம்பெற வேண்டும். சங்கத்தோடு கலந்து பேசாமல் எந்தச் செயலியையும் தொழிலாளி மீது திணிக்கக் கூடாது. செயலியின் கோளாறுக்காகக் கூலியோ உணவோ மறுக்கப்படக் கூடாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளிக்கும் அரசுக்கும் தரப்பட்ட விலக்குகள் நீக்கப்பட வேண்டும்; தகவல் அறியும் உரிமை பழைய வலிமையோடு மீட்கப்பட வேண்டும். நீதிமன்ற மேற்பார்வை இல்லாத உளவு வேலைக்கு முடிவு கட்ட வேண்டும்.

இவை கைகூடாதவை அல்ல. 2025 நவம்பர் இறுதியில், புதிய கைபேசிகள் அனைத்திலும் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று ஒன்றிய அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. செய்தி அறிந்தவர்கள் குரல் எழுப்பியதற்கே அரசு பின்வாங்கியது. பணித்தளத்தில் வெயிலில் படத்திற்காக நிற்கும் பெண்ணுக்கும், கைக்கடிகாரத்தைக் கழற்ற முடியாத தூய்மைப் பணியாளருக்கும் அந்தக் குரல் இன்னும் எட்டவில்லை. அதைக் கொண்டு சேர்க்க வேண்டியது நமது கிளைகளும் சங்கங்களும்தான்.