சூத்திரத்துக்கு முன் சிந்தனை

"வேதியியலில் கணக்கு வந்தால் பெண்களுக்குக் கடினம்" என்று சொல்வோர் இன்றும் உண்டு. அச்சொல்லை நம்பி, பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடைகொடுக்க எண்ணும் தோழியரும் நம்மிடையே உண்டு. தொடங்கும் இடம் சரியாக இருந்தால் எக்கணக்கும் எளிதே என்பது எங்கள் கருத்து. மேல்வகுப்புக் கணக்கு ஒன்றையே சான்றாகக் காட்டுகிறோம்.

பெர்ரஸ் அயனி ஓர் எலெக்ட்ரானை இழந்தால் பெர்ரிக் அயனியாகிறது. இவ்விரண்டும் கலந்த அமிலக் கரைசலில் பிளாட்டினக் கம்பியை அமிழ்த்தினால் அது ஒரு மின்முனை. கம்பி கரைவதில்லை, எலெக்ட்ரான்கள் வந்து போக வழிவிட்டு நிற்கிறது. இரு அயனிகளும் சம அளவில் இருந்தால், 25 டிகிரி செல்சியஸில், ஹைட்ரஜன் மின்முனையோடு ஒப்பிட அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.77 வோல்ட். பெர்ரஸைப் போல் பெர்ரிக் பத்து மடங்கு இருந்தால் 0.83, பெர்ரிக்கைப் போல் பெர்ரஸ் பத்து மடங்கு இருந்தால் 0.71. ஆக, மின்னழுத்தத்தை நிர்ணயிப்பது விகிதமே. 1889-இல் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் தந்த சமன்பாட்டின் சாரம் இதுதான். 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர் அவர்.

இனி, 100 பங்கு பெர்ரஸ் உள்ள கரைசலில் 50 பங்கு செரிக் அயனியைச் சேர்ப்போம். சீரியத்தின் மின்னழுத்தம் இரும்பினுடையதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். சூத்திரத்தை மட்டும் மனனம் செய்தவள் இரண்டையும் கூட்டுவாள், அல்லது சராசரி காண்பாள். விடை தவறிவிடும்! சிந்திப்பவளோ, "குவளையில் என்ன நடந்தது?" என்று முதலில் கேட்பாள். ஒரு செரிக் அயனி ஒரு பெர்ரஸ் அயனியிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கிறது. ஆகவே 50 பங்கு பெர்ரஸ் பெர்ரிக்காக மாறும். 50 பங்கு மிஞ்சும். விகிதம் சமம், விடை 0.77 வோல்ட்! ஒரே கரைசலில் மின்முனைக்கு இரண்டு மின்னழுத்தங்கள் இருக்க முடியாது. சீரியமும் அம்மதிப்புக்கு இணங்கியே நிற்கும். மடக்கை அட்டவணையைத் தொடவே தேவையில்லை.

ஆசிரியப் பெருமக்களே! கரும்பலகையில் சூத்திரம் எழுதுமுன் குவளையை எங்கள் முன் வையுங்கள். விடைக்கு வந்த வழிக்கும் மதிப்பெண் தாருங்கள். பெற்றோரே! கணக்கைக் காட்டி எங்களை அச்சுறுத்தாதீர்கள். தோழியரே! பதினொன்றாம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அச்சத்தை ஆலோசனை கேட்காதீர்கள், அறிவைக் கேளுங்கள்!