அந்த மூன்று ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது?

ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2024 பிப்ரவரியில் தன் 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். பிரசவமான ஓரிரு நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதியவர் என்று தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. சட்டம் படித்த கையோடு தேர்வெழுத வழி இருந்ததால்தான் அது நடந்தது. 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. அதற்குப் பின் வரும் தேர்வுகளுக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்றது. 1993-ல் அதே நீதிமன்றம் விதித்து, நீதித் துறை பற்றிய ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002-ல் கைவிட்ட நிபந்தனை இது.

நிபந்தனையின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வாய்தாவுக்கு அலையும் கட்சிக்காரரின் பாடும், குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி தடுமாறுவதும் புத்தகத்தில் கிடைக்காது. ஆனால், அந்த மூன்று ஆண்டு எல்லோருக்கும் ஒன்றல்ல. அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது பயிற்சிக் காலம். மலையில் இருந்து வருபவருக்கு அது ஏறக்குறைய வருமானமே இல்லாத காலம்.

வேலூர் மாவட்டத்தின் ஒடுகத்தூரை எடுத்துக்கொள்வோம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லைப் பக்கத்து மலைவாழ் மக்கள் இறங்கி வரும் ஊர் இது. சட்டம் படிக்கக் காட்பாடியில் அரசுக் கல்லூரி இருக்கிறது. கறுப்பு கவுன் போட்ட பிறகு, தினமும் வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போயாக வேண்டும். ஜூனியருக்குச் சீனியர் கொடுப்பது பல சேம்பர்களில் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும். வேலூரில் அறை எடுத்துத் தங்க அதில் வழியில்லை.

இத்தகைய பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் தரும் நாடும் உண்டு. அமெரிக்காவில் சட்டம் முடித்தவர்களில் தேர்ந்தவர்கள் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியிடம் ஓரிரு ஆண்டு உதவியாளராக இருந்துவிட்டுத் தனியார் தொழிலுக்குப் போகிறார்கள். அந்த ஆண்டுகளுக்கு அரசு சம்பளம் தருகிறது. பிறகு அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பெரிய சட்ட நிறுவனங்கள் தனியாக ஒரு தொகையே கொடுக்கின்றன. நம் உச்ச நீதிமன்றத்திலும் சட்ட உதவியாளருக்கு மாதம் 80,000 ரூபாய் அறிவித்தார்கள். நீதிபதிகளிடம் அப்படிப் பணியாற்றிய காலத்தை மூன்றாண்டுக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2025 மே தீர்ப்பும் சொல்கிறது. நல்லதுதான். ஆனால், அந்த இடங்கள் மிகச் சில. ஒடுகத்தூர் இருக்கும் அணைக்கட்டு வட்டத்தில் இருந்து டெல்லி வரை அதற்காகப் போய்ப் போட்டியிடக் கூடியவர் எத்தனை பேர்?

இளம் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. பிறகு இந்திய பார் கவுன்சிலும் ஏறக்குறைய அதையே பரிந்துரைத்தது. பரிந்துரையைக் காட்டி எந்த ஜூனியராவது சீனியரிடம் பணம் கேட்டுவிட முடியுமா? சேம்பரை விட்டு வெளியே அனுப்பினால் அனுபவச் சான்றிதழுக்கு எங்கே போவார்? அதில் கையெழுத்திட வேண்டியவர் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர், அல்லது அவருடைய மேலொப்பத்துடன் பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு வக்கீல்.

மலைக்கு வக்கீல்கள் தேவைப்படும் காரணமும் சாதாரணமானதல்ல. செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களில் ஜவ்வாது மலைக்காரர்கள் ஏராளம். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறந்தவர்களில் இந்த மலையின் பிள்ளைகளும் இருந்தார்கள். பெயில் மனு, வன உரிமைச் சட்டத்தின்படி நிலப் பட்டா, சாதிச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் மலைக்காரர்கள் வெளியூர் வக்கீலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே அரசு ஒன்று செய்யலாம். மலைவாழ் சட்டப் பட்டதாரிகளை மூன்றாண்டுக்கு, உயர் நீதிமன்றம் சொன்ன அதே 15,000 ரூபாயில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் ஒடுகத்தூர், ஜமுனாமரத்தூர் போன்ற ஊர்களில் அமர்த்தட்டும். அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் ஆஜராகட்டும். அனுபவச் சான்றிதழுக்கு ஆணைக்குழுவே பொறுப்பேற்கட்டும். அந்த மூன்றாண்டு முடிந்ததும் நீதிபதித் தேர்வா, சொந்தச் சேம்பரா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.