மூளைக்குக் கரண்டா? முதல்ல சாம்பிளைக் காட்டுங்க!

மக்களே, போடி ஏல மையத்துல வியாபாரி சும்மா விலை கேட்பாரா? சாம்பிளைக் கொட்டி நிறம், பருமன், லிட்டர் எடை பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பார். அதே ஊர்ல மறதி நோய்க்கு "தலையில மெஷின் மாட்டினா சரியாகிடும்"னு ஒருத்தர் சொன்னா மட்டும் ஏன் சாம்பிள் கேட்காம பர்ஸைத் திறக்கணும்?

அந்த முறைக்குப் பேரு டிடிசிஎஸ். தலையில ரெண்டு ஈர ஸ்பாஞ்சு, 1 முதல் 2 மில்லிஆம்பியர் கரண்ட், 20 நிமிஷம் போல. சினிமாவுல காட்டுற ஷாக் ட்ரீட்மெண்ட் இது இல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல மனச்சிதைவுக்கு இதை வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. பண்ணட்டும், நல்லது. டிமென்ஷியாவுக்கு? சின்னச் சின்ன ஆய்வுகள்தான். ஒண்ணு ஆமாங்குது, இன்னொண்ணு இல்லைங்குது.

சரி, ஆராய்ச்சின்னே வெச்சுக்குவோம். ஐசிஎம்ஆர் நெறிமுறைப்படி ஆராய்ச்சிக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. சிகிச்சைன்னா ஆதாரத்தை எடுத்து வைங்க. ரெண்டும் இல்லாம பில் போட்டா அதுக்குப் பேரு வேற!

2023-ல வந்த ஆய்வுப்படி இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. 2024 லான்செட் கமிஷன் ப்ரஷர், சுகர், காது மந்தம்னு 14 காரணங்களைச் சொல்லி, கவனிச்சா 45 சதவீதம் வரைக்கும் தடுக்கலாம், தள்ளிப்போடலாம்னுச்சு.

அம்மாவைப் பார்த்துக்கணும்னு ஏலத்தோட்ட வேலைக்குப் போகாம கூலியை இழக்குற மகளுக்கு என்ன வேணும்? ப்ரஷர் மாத்திரை, காது மிஷின், பகல்ல பெரியவங்களை விட்டுட்டுப் போக ஒரு இடம். காமர்ஸ் பாஷையில சொன்னா, முதலீடு அங்கதான் போகணும்.

மெஷின் வரட்டும், வேணாங்கல. சாம்பிளோட வரட்டும்!