படபடப்பு ஓய்ந்த பிறகு எடுக்கும் ஈசிஜி

"திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது டாக்டர்" என்று வருபவர், பெரும்பாலும் அது அடங்கிய பிறகே நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாடி 78, ரத்த அழுத்தம் சரி, ஈசிஜியும் இயல்பு. வெளியே கூட்டம் காத்திருக்கிறது. "ஒண்ணுமில்லை, டென்ஷன்தான்" என்று வாயில் வந்துவிடுகிறது. சீட்டில் ஒரு தூக்க மாத்திரையும் ஒரு பான்டோபிரசோலும் ஏறிவிடுகின்றன. அந்த ஈசிஜி பொய் சொல்லவில்லை. ஆனால் அது பதிவுசெய்தது தொல்லை இல்லாத இதயத்தின் பத்து வினாடியை மட்டுமே. நேற்றிரவு கால் மணி நேரம் என்ன நடந்தது என்பதற்கு அதில் விடை கிடையாது. திரும்பத் திரும்ப வரும், நிமிடக் கணக்கில் நீடிக்கும் படபடப்புக்கு, அது நடக்கும்போது எடுத்த பதிவு கைக்கு வரும்வரை 'காரணம் தெரியவில்லை' என்றுதான் நாம் எழுத வேண்டும். பதற்றம் என்று எழுதிக் கோப்பை மூடும் உரிமை நமக்கு இல்லை.

இதற்கு ஆதாரம் புதிதல்ல. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மின்னோட்டச் சுழற்சியால் எஸ்விடி எனும் வேகத்துடிப்பு வருவது உறுதியான 107 பேரின் பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்த்தது. அவர்களில் 67 சதவீதம் பேரின் அறிகுறிகள் பீதி நோயின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தின. பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் பரிசோதனையில் எஸ்விடி பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் அவர்கள் ஆண்டுக்கணக்கில், இடைநிலை அளவாக 3.3 ஆண்டுகள், அலைந்திருக்கிறார்கள். அப்படித் தவறவிடப்பட்டவர்களில் 54 சதவீதம் பேரிடம் மருத்துவர்கள் பீதி, பதற்றம், மன அழுத்தம் என்றே காரணம் சொல்லியிருந்தார்கள். இந்தப் பட்டம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மடங்கு அதிகமாகச் சூட்டப்பட்டது. சிகிச்சைக்குப் பின் பெரும்பாலோரின் அறிகுறிகள் அடங்கிவிட்டன. நிமிடத்துக்கு 180 முறை இதயம் அடித்துக்கொள்ளும்போது யாருக்குத்தான் பயம் வராது? பயத்தைக் கண்டதும் அதையே காரணமாக எடுத்துக்கொள்வதில்தான் நம் பிழை தொடங்குகிறது.

பெரும்பாலான படபடப்பு ஆபத்தில்லாதது, எல்லோரையும் சோதனைக்கு அனுப்பினால் செலவும் பயமும்தான் மிஞ்சும் என்பது நியாயமான மறுப்பு. படபடப்போடு வந்த 190 பேரைப் பின்தொடர்ந்து 1996-இல் வெளியான ஆய்வில் ஓராண்டு இறப்பு 1.6 சதவீதமே. 31 சதவீதம் பேருக்கு மனநலக் காரணம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் 43 சதவீதம் பேருக்கு இதயமே காரணம். யார் அவர்கள் என்பதை முன்கூட்டிச் சுட்டியவை நான்கு: ஆணாக இருத்தல், துடிப்பு ஒழுங்கற்றிருந்ததாகச் சொல்லுதல், ஏற்கெனவே இதய நோய் இருத்தல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தல். நான்கில் எதற்கும் இயந்திரம் தேவையில்லை; கேட்டால் போதும். அவ்வப்போது ஒரு துடிப்பு நின்று 'தொம்'மென்று அடிக்கிறது, மற்றபடி இதயம் நலம் என்பவருக்கு விளக்கிச் சொல்லி அனுப்புவதே சரியான மருத்துவம். வடிகட்டுவது நோயாளியின் வாய்மொழியாக இருக்கட்டும் என்கிறோமே தவிர, எல்லோருக்கும் எக்கோ எழுதச் சொல்லவில்லை.

அந்த வாய்மொழியை வாங்கும் விதம் முக்கியம். "எப்படி அடித்தது, மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எண்ண முடியாத வேகத்தில் சீராகத் தட்டுகிறாரா, தாறுமாறாகத் தட்டுகிறாரா, இரண்டு தட்டி ஓர் இடைவெளி விடுகிறாரா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவிட்சைப் போட்டதுபோல் தொடங்கிச் சட்டென்று நின்றதா, கழுத்தில் துடித்ததா, அடங்கியபின் நிறையச் சிறுநீர் போயிற்றா என்று கேட்டால் எஸ்விடியின் சாயல் தெரியும். சளி மருந்து, சால்பியூட்டமால், கூடிப்போன தைராக்சின், அதிக மாதவிடாய், எடைக் குறைவு ஆகியவற்றையும் அப்போதே விசாரித்துவிடலாம். ஹீமோகுளோபினும் டிஎஸ்எச்சும் பெரிய செலவல்ல. இயல்பு என்று இயந்திரமே அச்சிட்டுத் தரும் ஈசிஜியையும் நாம் ஒருமுறை படிக்க வேண்டும். 120 மில்லி வினாடிக்குக் குறைந்த பிஆர், கியூஆர்எஸ்ஸின் அடியில் சாய்ந்து ஏறும் டெல்டா அலை, நீண்ட கியூடி, பழைய மாரடைப்பின் தழும்பு எல்லாம் தொல்லை இல்லாத நேரத்திலும் தெரிபவை. நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. மேலை நாடுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் முதியோரின் நோய். இங்கே முடக்குக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிய நடுவயதுப் பெண்ணுக்கும் அது வருகிறது. அவருக்குத் தாமதத்தின் விலை பக்கவாதமாக இருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைக்காமல் டென்ஷன் என்று சொல்லும்போது இழக்கப்படுவது இதுதான்.

தொல்லை நேரத்துப் பதிவை எப்படிப் பிடிப்பது? மாதம் ஒருமுறை வரும் படபடப்புக்கு 24 மணி நேர ஹோல்டர் எழுதி, இயல்பு என்று வந்ததும் நிம்மதி சொல்வது, முதல் ஈசிஜியில் செய்த பிழையைப் பெரிய செலவில் திரும்பச் செய்வதே. 2019-இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், கைபேசியோடு இணையும் சிறு ஈசிஜி கருவியைக் கொடுத்தனுப்பியவர்களில் 90 நாளில் 55.6 சதவீதம் பேருக்கு அறிகுறி நேரத்துத் துடிப்பு பதிவானது. வழக்கமான முறையில் 9.5 சதவீதமே. துடிப்பைப் பதியும் கைக்கடிகாரங்கள் வீண் பீதியைக் கிளப்புகின்றன என்ற குறை உண்மைதான். ஆனால் படபடக்கும்போதே எடுத்த பதிவை ஒருவர் கைபேசியில் நீட்டினால் அதைப் பார்க்காமல் ஒதுக்குவது முறையல்ல. கருவி வாங்க வசதியில்லாதவருக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும்: 'இவருக்குப் படபடப்பு இருக்கும்போது உடனே பன்னிரண்டு லீட் ஈசிஜி எடுத்து, பிரதியைக் கையில் கொடுக்கவும்.' அதை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம். அவசரப் பிரிவில் இருப்போருக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி நிலையாக இருந்தால் மருந்துக்கு முன் ஈசிஜியை எடுத்துவிடுங்கள். அடினோசின் ஏறும்போதும் தாள் ஓடட்டும். துடிப்பை அடக்கிவிட்டுப் பதிவே இல்லாமல் அனுப்பினால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் மீண்டும் இயல்பான ஈசிஜியோடுதான் தொடங்குவார். அகன்ற கியூஆர்எஸ்ஸோடு தாறுமாறாக ஓடும் வேகத்துடிப்புக்கு வெராபமில் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும் என்பதும் தாளைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும்.

எப்போது ஓடி வர வேண்டும் என்று சொன்னால் நோயாளி பயந்துவிடுவார் என்று சிலர் தயங்குகிறார்கள். தெளிவற்ற ஆறுதல்தான் பயத்தை வளர்க்கும். படபடப்போடு மயக்கம் வந்தாலோ வரும்போல் இருந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தானே வண்டி ஓட்டிவர வேண்டாம். ஓடும்போதோ விளையாடும்போதோ படபடத்து விழுந்த இளைஞரையும், குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீரென்று இறந்தவர் உள்ளவரையும், அறிகுறி இப்போது இல்லாவிட்டாலும் இதயத் துடிப்பு நிபுணரிடம் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வருகைக்கு ஒரு தேதி குறியுங்கள். படபடப்பின் நாள், தொடங்கிய நேரம், நீடித்த நிமிடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகிய நான்கையும் எழுதிவரச் சொல்லுங்கள். பதிவு கிடைத்து, அது சைனஸ் துடிப்பு என்று தெரிந்து, பதற்ற நோயின் இலக்கணமும் பொருந்தினால், அப்போது அந்தப் பெயரைத் தயங்காமல் எழுதி, தூக்க மாத்திரையோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் முறையாக அனுப்பிவையுங்கள்.